மறுமொழி: 'வயது சரிபார்ப்பு' – எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். செயலிகளும் தளங்களும் பயனரின் வயதை அறியும் முறைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் மொழிபெயர்ப்பு இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஏஜ் வெரிஃபிகேஷன், ஏஜ் எஸ்டிமேஷன், ஏஜ் அஷ்யூரன்ஸ் எல்லாம் பயனருக்கு ஒன்றுதான். 'வயது சரிபார்ப்பு' எல்லாருக்கும் புரிகிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது தேட வேண்டும்?

புரிகிறது ஐயா, அதில் சந்தேகமில்லை. என்ன புரிகிறது என்பதில்தான் சிக்கல். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையிலுள்ள திரையில் 'வயது சரிபார்ப்பு – தொடர்க' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பிறந்த தேதி கேட்கலாம். அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்றச் சொல்லலாம். கேமரா திறந்து 'முகத்தைக் கட்டத்துக்குள் வைக்கவும்' என்றும் வரலாம். இவற்றில் எது வரப்போகிறது என்று அருகில் இருக்கும் அம்மாவுக்கு அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையிடமிருந்து போவது ஒரு தேதியா, ஓர் ஆவணமா, முகமா என்று அழுத்துவதற்கு முன்பே தெரிய வேண்டும். சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்றொடர்களை, மொழிபெயர்க்கும் நாம் அதை மறைக்கக் கூடாது.

ஆகவே 'வயது சரிபார்ப்பு' இருக்கட்டும், ஆனால் ஏஜ் வெரிஃபிகேஷனுக்கு மட்டும். அதாவது அட்டை, ஆவணம், வங்கிக் கணக்கு என்று ஏற்கெனவே எங்கோ பதிவான ஒன்றோடு ஒத்துப் பார்ப்பது. சரிபார்க்க இன்னொரு பிரதி வேண்டுமல்லவா? அது இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போடுவது தவறு.

> எஸ்டிமேஷனுக்கு 'வயதுக் கணிப்பு' என்று போடலாமே.

கணிப்பு என்றதும் எனக்கு ஜாதகக் கட்டம்தான் கண்ணில் வருகிறது. அதை விட்டாலும், கணிப்பு இனி நடக்கப்போவதைச் சொல்வது. தேர்தல் கணிப்பு, வானிலைக் கணிப்பு போல. இங்கே வயது ஏற்கெனவே இருக்கிறது, கருவி முகத்தைப் பார்த்து ஏறக்குறையச் சொல்கிறது. பேச்சு வழக்கில் நாம் 'குத்துமதிப்பு' என்போமே, அதுதான் இது. அந்தச் சொல்லையே திரையில் போட எனக்கு ஆசை, நிறுவனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டா. 'வயது மதிப்பீடு' போதும்.

குத்துமதிப்பு என்று கேலியாகச் சொல்லவில்லை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024ல் ஆறு மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். விசா விண்ணப்பப் படங்களில் சராசரிப் பிழை 2014ல் 4.3 ஆண்டாக இருந்தது, 2024ல் மிகச் சிறந்த மென்பொருளிலும் 3.1 ஆண்டு. பெண் முகங்களில் பிழை பெரும்பாலும் கூடுதல். மூன்று ஆண்டுப் பிழை என்றால் 13 வயதுப் பிள்ளை 16 ஆகிவிடலாம், 16 வயதுப் பெண் 13 ஆகிவிடலாம். சட்டம் கோடு கிழிக்கும் இடமும் அதே வட்டாரம்தான்: அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் 13, ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆரில் 16, உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம், ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் சமூக ஊடகக் கணக்குக்கு 16. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் 18 என்கிறது.

இதே காரணத்தால்தான் அஷ்யூரன்ஸுக்கு வந்த 'வயதுறுதி'யை என்னால் ஏற்க முடியவில்லை. சொல் அழகு, புணர்ச்சியும் சரி. ஆனால் இது எல்லா முறைகளையும் அடக்கும் குடைச்சொல். பாதி முறைகள் உறுதி தருவதில்லை. தராத உறுதியைச் சொல்லிலேயே வாக்குக் கொடுத்துவிட்டால், மதிப்பீட்டில் தவறிய பிள்ளைதான் பொய் சொல்கிறாள் என்று ஆகிவிடும். என் பரிந்துரை 'வயதறிதல்'. அறிதலில் கூடக்குறைய இருக்கலாம். 'வயதறி முறை', 'வயதறி கருவி', 'வயதறி சேவை' என்று வினைத்தொகையாகவும் நன்றாக ஓடும்.

> ஏஜ் கேட் = சிறார் தடுப்பு?

சேவைக்குள் விடும் முன் வயது கேட்கும் திரைதான் ஏஜ் கேட். இந்தச் சொல் வேண்டாம் என்பேன். 'சிறார்' என்ற சொல்லில் செய்தித்தாள் வழியாகக் குற்றவாடை ஏறிப்போயிருக்கிறது. தடுப்பு என்பதும் முழு உண்மையில்லை. பல இடங்களில் வயது குறைவு என்று தெரிந்தால் வெளியே தள்ளுவதில்லை. பெற்றோர் ஒப்புதலுக்கு அனுப்புவார்கள், அல்லது தகவல் எதுவும் சேகரிக்காத பகுதிக்கு மட்டும் விடுவார்கள். நிறுத்திக் கேட்டு வழி பிரித்துவிடும் இடம் அது. நம்மிடம் சுங்கச்சாவடி, வாக்குச்சாவடி, சோதனைச்சாவடி எல்லாம் இருக்கின்றன. 'வயதுச் சாவடி' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கொஞ்சம் போலீஸ் தோரணை இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும், நிறுத்திக் கேட்பது நிறுத்திக் கேட்பதுதான்.

இந்தச் சாவடியில் சரங்களை நாம் எழுதும் விதமும் முக்கியம். 'நீங்கள் 13 வயதுக்கு மேற்பட்டவரா? ஆம் / இல்லை' என்று கேட்டால் விடையைக் கேள்வியே சொல்லிக் கொடுக்கிறது. விடையைக் காட்டிக்கொடுக்காமல், 'பிறந்த மாதம், ஆண்டு' என்பதுபோல வெறுமனே கேட்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல். குறைந்த ஆண்டைப் போட்டு மறுக்கப்பட்ட பிள்ளை பின்னால் போய் ஆண்டுச் சக்கரத்தை 1990 வரை உருட்டிவிட்டுத் திரும்ப வருவாள். அதைத் தடுக்க ஒரு குக்கி (முன்பு தந்த விடையை உலாவியில் நினைவு வைக்கும் சிறு கோப்பு) வைக்கச் சொல்கிறது அதே ஆணையம். தமிழ்ச் சரத்தில் 'வயது போதவில்லை, மீண்டும் முயல்க' என்று ஒன்றைப் பார்த்தேன். முயலச் சொல்லி நாமே அழைக்கிறோம்! 'இந்தச் சேவையை இப்போது பயன்படுத்த இயலாது' என்று மாற்றிவிடலாம். இன்னொன்று: ஆண்டு போதுமான இடத்தில் நாள், மாதம் சேர்த்துக் கேட்கும் திரைகள் நிறைய. முழுப் பிறந்த தேதி பின்னாளில் பல கணக்குகளுக்குச் சாவி. சரத்தை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், மூல மென்பொருளை எழுதுவோரிடம் ஒரு வழு அறிக்கையும் பதிந்துவிடுவோம்.

> ஏஜ் டோக்கன் = வயது வில்லை

வயது போதும் என்பதற்கு மட்டும் சான்றாகத் தளத்திடம் காட்டுவதுதான் ஏஜ் டோக்கன். வயது வில்லையைச் சேர்த்து எழுதினால் 'வயதுவில்லை'. அவசரமாகப் படித்தால் வயது இல்லை என்று ஆகிவிடாதா? நுழைவுச்சீட்டு போல 'வயதுச்சீட்டு' என்று வைக்கலாம். சாவடியில் சீட்டைக் காட்டு, அவ்வளவுதான். '16 நிறைந்தது: ஆம்' என்ற ஒரு விடையைத் தவிர பெயரோ தேதியோ அதில் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025ல் வெளியிட்ட செயலி மாதிரியும் 18 நிறைந்ததா என்பதை மட்டும் மெய்ப்பிக்கும்படி அமைந்தது. இந்த வகை வளர்ந்தால் அட்டைப் படம் ஏற்றும் வழக்கமே குறையும். ஆஸ்திரேலியச் சட்டத்திலும் அரசு அடையாள அட்டையை ஒரே வழியாக வைக்க முடியாது, திரட்டிய தகவலைப் பயன் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

சுயமாக வயதைச் சொல்வதற்கு 'சுய அறிவிப்பு', 'வயதுக் கூற்று' என இரண்டு வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. அரசுப் படிவங்களில் பழகிய சொல் என்பதால் இப்போதைக்கு 'சுய அறிவிப்பு' பக்கம் சாய்கிறேன். யாருக்காவது நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் பற்றிய சரங்களைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். அங்கே பெற்றோரின் வயதையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, கலந்தால் குழப்பம். மற்ற நான்கையும் – வயதறிதல், வயது மதிப்பீடு, வயதுச் சாவடி, வயதுச்சீட்டு – ஆட்சேபம் இல்லையென்றால் அடுத்த வாரம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 'வயது சரிபார்ப்பு' வரும் பழைய சரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க இரண்டு பேர் கை கொடுத்தால் நல்லது.

அன்புடன்.