வார்டில் வலிக்கு ஊசி மட்டும்தான் வழியா?

பென்னாகரம் செவிலியர்:
அரசு மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவு வார்டில் பணிபுரிகிறேன். நோயாளி வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஊசி, மறுபடி வலி என்றால் மறுபடி ஊசி என்பதே வழக்கமாகிவிட்டது. வயதானவர்களின் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் அது செய்யும் கேடு எல்லோருக்கும் தெரியும். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டியை அண்மையில் இரண்டு பேராகப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு அண்டையாக இன்னொன்று, துணி சுற்றிய ஐஸ் பை. "விளக்கை ஊதுவது போல மெதுவாக மூச்சை விடுங்கள் பாட்டி" என்று கூடவே நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் சற்று நேரத்தில் பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், மருந்தில்லா வலி நிவாரண முறைகளும் இருக்க வேண்டும் என்று 2018 முதல் விதித்திருக்கிறது. இங்கே ஏன் அது கூடாது?

ஓசூர் மருந்தாளுநர்:
கூடாது என்று நான் சொல்லவில்லை அம்மா. ஆனால் அந்த விதி எதனால் வந்தது? அங்கே ஓபியாய்டு எனப்படும், அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகளை அள்ளிக் கொடுத்து, மக்கள் அடிமையாகி, உயிர்கள் போயின. நம் நிலை நேர்மாறு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள், அதே வகையைச் சேர்ந்த கடும் வலிக்கான மார்பின் மருந்தை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் கெடுபிடியைத் தளர்த்திச் சட்டத்தைத் திருத்திய பிறகும் அந்த அச்சம் முழுதாகப் போகவில்லை. புற்றுநோய் எலும்புக்குப் பரவிய என் சித்தப்பாவிடம் ஒரு மருத்துவமனையில் "மனதை வேறு பக்கம் திருப்புங்கள்" என்றார்கள். அவருக்குத் தேவைப்பட்டது மார்பின். தியானம் என்ற பெயரில் மருந்தை மறுப்பது கொடுமை. அந்தக் கதவைத் திறந்துவிடாதீர்கள்.

கிருஷ்ணகிரி மருத்துவ மாணவன்:
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா முறைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்க்கிறோம், வலி குறைகிறது. தொடு உணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் விளக்கினார்கள். அறுவை சிகிச்சையை ஒட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் வலி மருந்தின் தேவையும் குறைந்ததை, எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் மருத்துவ இதழ் 2015இல் வெளியிட்டது. அக்குபங்சர் அவ்வளவு உறுதியானதல்ல. உரிய புள்ளியில் குத்தும் உண்மை ஊசிக்கும், ஒப்பிடுவதற்காகப் பெயருக்குச் செய்யும் போலி ஊசிக்கும் பல ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பாலக்கோடு விவசாயி:
நீங்கள் வார்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன? தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் ஃபுளோரைடு உப்பு மிகுந்த நிலத்தடித் தண்ணீரைக் குடித்தே முதுகும் மூட்டும் இறுகிப்போனவர்கள் எத்தனை பேர்! ஒகேனக்கல் குடிநீர் 2013இல்தான் வந்தது. அதற்கு முன்பே எலும்பில் படிந்தது படிந்ததுதான். என் தந்தை ஆயுள் முழுக்க வலி மாத்திரை விழுங்க முடியுமா? வீடு தேடி வந்து சிகிச்சை தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வரும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் அவர் இப்போது தானே எழுந்து திண்ணைக்கு வருகிறார். வலி போகவில்லை. நடமாட்டம் வந்திருக்கிறது. எங்களுக்கு அதுதான் பெரிது.

ஓசூர் மருந்தாளுநர்:
நாள்பட்ட வலிக்கு இதை முழுமனதோடு ஏற்கிறேன். சீட்டே இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வருபவர்களைத் தினமும் பார்த்து வருந்துகிறவன் நான். புதிதாக அறுத்த காயமும் புற்றுநோயும் வேறு கணக்கு.

பென்னாகரம் செவிலியர்:
மருந்தை நிறுத்தச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. மருந்தோடு சேர்த்துச் செய்தால் குறைந்த அளவே போதுமானதாகிறது. இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இரவுப் பணியில் வார்டு முழுவதற்கும் ஒரே செவிலியர் என்றால், ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று மூச்சுப் பயிற்சி சொல்ல முடியாது. ஊசி போட ஒரு நிமிடம் போதும், அதனால்தான் ஊசி ஜெயிக்கிறது. தலையணை வைப்பதையும் ஐஸ் பையை எப்போது எடுப்பது என்பதையும் நோயாளியுடன் தங்குபவர்களுக்கு, சேர்க்கும் நாளிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறேன்.

ஓசூர் மருந்தாளுநர்:
கற்றுக்கொடுங்கள். கூடவே வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஐஸ் பை வைத்து அரை மணி நேரத்தில் அந்த எண் இறங்கவில்லையென்றால், விடியும்வரை காத்திருக்காமல் டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். அதையும் விதியாக எழுதினால் நான் உங்கள் பக்கம்.