மெக்விகார் படம்: திருந்தியவன் கதையா, தப்பியவன் கதையா?

மடத்தடி:
1980இல் வந்த 'மெக்விகார்' என்ற ஆங்கிலப் படத்தை இங்கே இரண்டு பேர் புகழ்ந்து எழுதியிருந்தார்கள், அதை நம்பி நானும் பார்த்தேன். ஜோன் மெக்விகார் உண்மையாகவே வாழ்ந்த ஆள், துவக்கு முனையில் கொள்ளையடித்தவன். 1968இல் இங்கிலாந்தின் டர்ஹாம் சிறையில் ஆகக் கடும் காவல் உள்ள பிரிவில், குளிக்கும் அறைச் சுவரைக் குடைந்து தப்பினான். 1970இல் திரும்பப் பிடிபட்டு, தண்டனை மொத்தம் 26 வருடமாகி, உள்ளே இருந்தே சமூகவியலில் பட்டம் எடுத்து, 1978இல் பரோலில் வந்து பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் என்ன காட்டுகிறது? ஒரு பாதி மறியலும் (சிறையும்) சுவர் குடைவதும், மறுபாதி ஒளித்துத் திரிவதும் திரும்பக் கொள்ளைக்குப் போவதும். படித்தது, மனம் மாறியது எல்லாம் கலியாண வீட்டு வாசலில் தலையைக் காட்டிவிட்டுப் போகிற ஆள் மாதிரி கடைசியில் எட்டிப் பார்க்கிறது. இதைப் போய் 'திருந்திய மனிதனின் படம்' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

கிண்ணியாப் பொடியன்:
அண்ணன், ஒருத்தன் வருடக்கணக்காகப் புத்தகம் வாசிப்பதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? அது படத்துக்கு அடங்காத விஷயம். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே நீங்கள் குறை சொன்ன இடம்தான். தப்பி வெளியே வந்தவன் பெண்சாதி பிள்ளையைக் கண்டதும் நல்லவனாகிவிட்டான் என்று காட்டியிருந்தால் நம்முடைய பழைய படங்கள் மாதிரி ஆகியிருக்கும். இங்கே வெளியே வந்தும் அவனுக்குத் தெரிந்த தொழில் அதே தொழில்தான், திரும்ப அங்கேயே போகிறான். தப்பியது அவனைத் திருத்தவில்லை என்று படமே சொல்லுகிறது. இதைவிட நேர்மை வேறு என்ன வேண்டும்?

மடத்தடி:
நேர்மையா? திரைக்கதை எழுதியதில் மெக்விகாரும் ஒருவர் தம்பி, படத்துக்கு அடிப்படையே அவர் எழுதிய சுயசரிதை. தனக்குத் தானே நற்சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் போட்டால் அதை நாங்கள் அப்படியே வாங்கி வைத்துக்கொள்வதா? நடித்தவர் வேறு யார், 'த ஹூ' குழுவின் பாடகர் ரொஜர் டால்ட்ரி. கூட்டாளியாக வருகிற அடம் ஃபெய்த்தும் பாடகர். மேடையில் விசில் வாங்கிப் பழகிய முகங்களை வைத்துக் கொள்ளைக்காரன் கதை எடுத்தால் பொடியன்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்று எடுத்தவர்களுக்குத் தெரியாதா?

உப்புவெளி அக்கா:
இரண்டு பேரும் கொள்ளையடித்தவனைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் ஒரு வங்கியில், நகையை அடகு பிடிக்கும் அடைவுப் பகுதியில் வேலை பார்த்தவள். அந்தப் பெட்டகத்துக்குள் இருப்பது பணக்காரர் சொத்து என்று படம் பார்ப்பவர்கள் நினைக்கலாம். இங்கே வாடைக்காற்று தொடங்கிக் கடல் அடித்தால் வள்ளம் இறங்காது, தொழில் இல்லை, அப்போது கடற்கரைச் சனம் கொண்டுவந்து வைப்பது ஒரு சங்கிலி, ஒரு சோடி காப்பு, சில நேரம் தாலிக்கொடி. காற்று மாறி மீன் படத் தொடங்கியதும் மீட்கிறார்கள், அடுத்த வருடம் திரும்ப அதே சங்கிலி வருகிறது. ஒரு கொள்ளை என்றால் போவது அதுதான். பிறகு பணமாகக் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள், தாயின் சங்கிலிக்குப் பவுன் கணக்கில் விலை போட முடியுமா? இந்த வகைப் படங்களில் எனக்குப் பிடிக்காதது அதுதான். துவக்கு நீட்டப்பட்டவர் இரண்டு நிமிடம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், பிறகு கதையில் அவருக்கு இடமே இல்லை.

கிண்ணியாப் பொடியன்:
அக்கா சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆள் திருந்தியதே பொய் என்று ஆகிவிடாது.

தட்டாதெரு:
இங்கிலாந்தை விடுங்கள், நம்முடைய இலங்கையில் மறுசிறா இருக்கிறான். சிறிபால என்பது சொந்தப் பெயர், அவனும் கொள்ளைக்காரன், மறியலால் தப்புவதில் பேர் எடுத்தவன். 1975இல் கண்டி போகம்பறைச் சிறையில் தூக்கு. திரும்பவும் தப்பிவிடுவான் என்ற பயத்தில் மயக்க மருந்து அளவுக்கு மிஞ்சிக் கொடுத்து, நிற்கவே முடியாதவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டுபோய்த்தான் தூக்கினார்கள். அதைப் பற்றி விசாரணையும் நடந்தது. 1978இல் 'சிறிபால சக ரன்மெனிக்கா' என்று சிங்களத்தில் படமும் வந்தது, அவனுடைய வாழ்க்கையைத் தழுவியதுதான். இப்போது யோசியுங்கள். மெக்விகாருக்குத் திரும்பப் பிடிபட்ட பிறகு எட்டு வருடமும் புத்தகமும் கிடைத்தன, இவனுக்குக் கிடைத்தது மயக்க மருந்து. ஒருத்தன் திருந்துவானா மாட்டானா என்று தெரிவதற்கு அவன் முதலில் உயிரோடு இருக்க வேண்டாமா?

மடத்தடி:
அண்ணை, அது தூக்குத் தண்டனை பற்றிய கதை, அதில் நான் உங்கள் பக்கம். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது படம் பற்றி. மறுசிறா செய்ததையும் சினிமாக்காரர் காதல் கதையோடு சேர்த்துக் குழைத்துத்தானே கொடுத்தார்கள்? தப்பியோடுகிறவன் என்றாலே சனம் கைதட்டும், அதுவும் நம்முடைய சனம் சொல்லத் தேவையில்லை. 83இல் மட்டக்களப்புச் சிறையுடைப்பைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். அது அரசியல் கைதிகள் விஷயம், முற்றிலும் வேறு. ஆனாலும் 'சுவரை உடைத்து வந்தான்' என்றதும் உள்ளே ஒரு சந்தோசம் வருகிறது பாருங்கள், வங்கிக் கொள்ளைக்காரனுக்கும் அது இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

தட்டாதெரு:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைதட்டுவது ஒரு புறம், திரும்பி வந்தவனை எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள். இங்கேயும் கைதிகள் மறியலுக்குள் இருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள், ஒவ்வொரு முறையும் பேப்பரில் படத்தோடு போடுவார்கள். வெளியே வந்த பிறகு? வெளிநாடு போகக் கேட்டால் பொலிஸ் ரிப்போர்ட், உள்ளூரில் கேட்டால் 'ஆர் மகன், எவ்விடம்' என்று தொடங்கி இரண்டு நாளில் எல்லாம் தெரிந்துவிடும். மெக்விகார் எழுதிப் பிழைத்தார், அவருடைய பெயர் அங்கே விலை போனது. இங்கே விடுதலையான பொடியனுக்கு அந்தப் பெயர்தான் தடை.

உப்புவெளி அக்கா:
வேலை கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கதை இல்லை. அடைவுப் பகுதியில் மட்டும் வேண்டாம்.

கிண்ணியாப் பொடியன்:
ஹா ஹா அக்கா. சரி, மடத்தடி அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். 1970இல் பொலிஸ் பிடிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆள் படித்திருப்பாரா?

மடத்தடி:
படித்திருக்க மாட்டார். அதைத்தானே நானும் சொல்லுகிறேன். அவரை மாற்றியது பிடிபட்ட பிறகு உள்ளே கழித்த காலம், படம் முடிவதே அந்த இடத்துக்குக் கிட்டத்தான். எனக்கு அந்த எட்டு வருடத்தை எடுத்துக் காட்டுங்கள், டால்ட்ரி நடித்தாலும் பார்க்கிறேன்.

கிண்ணியாப் பொடியன்:
நீங்கள் ஒருத்தர் பார்ப்பீர்கள் அண்ணன். தயாரிப்பாளரை யார் பார்ப்பது?

தட்டாதெரு:
சிங்களப் படத்தை நல்ல பிரதியாக, தமிழ் சப்டைட்டிலோடு வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு மிச்சச் சண்டையைப் பிடிப்போம்.