மொறேயின்: 'பனிவண்டல்' பொருந்துமா, 'ஒதுக்குமேடு' தகுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கனடாவின் அதபாஸ்கா பனியாற்றுக்கு எதிரே, ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில் உள்ள வருகையாளர் நிலையத்தைப் பற்றிக் கிளிநொச்சி மாணவர்களுக்காக நாம் எழுதும் கையேட்டில் இன்னும் இரண்டு சொற்களே முடிவாகவில்லை: மொறேயின் (moraine), அதாவது பனியாறு சுமந்து வந்து விட்டுச்செல்லும் கல்மண் மேடு; மற்றது பனியாற்றின் முனை குறுகுவதைக் குறிக்கும் retreat. 'பனிப்பாறை' கடலில் மிதப்பதற்கே உரியது, தன் எடையாலேயே நகர்வது 'பனியாறு' என்பதில் எவருக்கும் மறுப்பில்லை.

மொறேயினுக்கு நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த 'பனிவண்டல்' எனக்கு உடன்பாடானதன்று. இரணைமடுவின் கீழ் வயல் செய்பவருக்கு வண்டல் என்றால் நீர் தரம்பிரித்துப் படியவிட்ட மென்மண். பனியாறோ எதையும் தரம்பிரிப்பதில்லை. அரைபட்ட நுண்துகளையும் வீட்டளவு பாறையையும் சேர்த்தே சுமந்து வந்து, உருகும் இடத்தில் சேர்த்தே விட்டுவிடுகிறது. மற்றொரு தெரிவான 'பனிவரம்பு' காதுக்கு இனிமையானது; ஆயினும் அதைப் பனி பெய்யும் எல்லை என்றே பலரும் வாசிப்பர்.

மாரி வெள்ளம் வடிந்தபின் குளத்து அலைகரையில் சருகும் தடியும் நீண்ட கோடாய் ஒதுங்கிக் கிடக்கும். நீர் எதுவரை ஏறியது என்பதற்கு அதுவே சாட்சி. மொறேயினும் அத்தகையதே. இன்றைய பனியிலிருந்து வெகு தொலைவில் கிடந்த இத்தகைய மேடுகளையும் வேற்றிடத்திலிருந்து வந்து கிடந்த அந்நியப் பாறைகளையும் சான்றாகக் கொண்டே சுவிஸ் அறிஞர் லூயி அகாசி, முன்னொரு காலத்தில் பனி பெருநிலப்பரப்பை மூடியிருந்தது என்ற பனியூழிக் கருத்தை 1840இல் நூலாக்கினார். ஆகவே 'ஒதுக்குமேடு' என்பதை முன்மொழிகிறேன். பக்க ஒதுக்குமேடு, முனை ஒதுக்குமேடு என்று அது இயல்பாகக் கிளைக்கிறது. நிதி ஒதுக்கீடு நினைவுக்கு வரும் என்ற தயக்கம், 'மேடு' சேர்ந்தவுடன் நீங்கிவிடும்.

அடுத்தது, retreat என்பதற்கு வழங்கும் 'பின்வாங்கல்'. வன்னியில் இச்சொல் இன்னமும் போர்க்காலச் செய்தியாகவே காதில் விழுகிறது என்பது ஒருபுறமிருக்க, பொருளிலும் அது பிழையான எண்ணத்தைத் தருகிறது. அதபாஸ்காவின் முனை சென்ற நூற்றாண்டையும் சற்றுக் கூடுதலான காலத்தையும் சேர்த்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் மேலே போய்விட்டது. எந்த ஆண்டில் முனை எங்கே இருந்தது என்பதை வழிநெடுகிலும் உள்ள ஆண்டுப் பலகைகள் காட்டுகின்றன. ஆனால், அப்போதும் பனி கீழ்நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து வந்து சேர்வதைவிட முனையில் உருகுவது மிகுந்ததால் நீளம் குறைந்ததே தவிர, பனி திரும்பிப் போகவில்லை. 'முனைச்சுருக்கம்' என்றால் இக்குழப்பம் எழாது.

ஒதுக்குமேட்டில் ஓர் இடர்ப்பாடு மட்டும் மீதமிருக்கிறது. இரு பனியாறுகள் கூடுமிடத்தில், அவற்றின் பக்கக் கற்குவைகள் இணைந்து பனியின் நடுவே ஒரு கரும்பட்டையாக நகர்கின்றன. அது இன்னும் ஒதுங்காத சுமை. அதனை 'நடு ஒதுக்குமேடு' என்பதா, 'நடுச்சுமை' என்று தனியே பிரிப்பதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.