பரிங்கோ வெள்ளத்துக்கு ஆடுதான் காரணமாம்!

கரிசக்காட்டான்:
வெள்ளம் பத்தின இழையில நீர்வளன் சார் உதிர்த்த முத்து: "கென்யாவில் பரிங்கோ ஏரிக்கரை இல்சாமுஸ் மக்கள் அளவுக்கு மீறி ஆடு வளர்த்து நிலத்தை மொட்டையடித்தார்கள். இப்போது வெள்ளம் வந்தால் யாரை நோவது?" அய்யா, 1980-கள்ல காடு வளர்க்கிறோம்னு சீமைக் கருவேலத்தைக் கொண்டுபோய் அங்க நட்டது ஆடா? அரசாங்கமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும். அது பரவுன இடத்துல புல்லு செத்துச்சு. நெத்தைத் தின்ன ஆட்டுக்குப் பல்லு கொட்டுச்சு. 2006-ல வழக்குப் போட்டு, பல்லுபோன ஆட்டையே நைரோபி கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

நீர்வளன்:
சரிவில் புல் இல்லாவிட்டால் மழைநீர் தங்காது. மண்ணோடு பெர்க்கெரா, மோலோ ஆறுகளில் இறங்கி ஏரியைத் தூர்க்கும். இதை மறுக்க முடியுமா? அந்த ஆட்டுக் கதைக்கு வருவோம். ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது. கிழட்டு ஆட்டைக் காட்டியிருப்பார்கள்.

கரிசக்காட்டான்:
யாருக்குப் பாடம்? எட்டயபுரம் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாத்து வாங்குற பரம்பரை நாங்க. கொட்டுனது கீழ்ப்பல்லு! நெத்துல இருக்கிற இனிப்பு ஒட்டி ஒட்டிச் சொத்தையாகி விழுந்தது.

தேன்மொழி:
பல்லை விடுங்கப்பா. 2010 வாக்குல இருந்து பரிங்கோ ஏரித் தண்ணி மட்டுமா ஏறுது? போகோரியா, நகுரு, நைவாஷா ஏரிகள் எல்லாம்தான். மழை கூடுனது முக்கியக் காரணம். கரையோரச் சதுப்புப் புல்லுதான் அவங்க மாட்டுக்குக் கோடை மேய்ச்சல், அது தண்ணிக்குள்ள போச்சு. மேட்டுக்கு ஓட்டலாம்னா கருவேல முள்ளு அடைச்சுக் கிடக்கு. 2020 கடைசியில தீவுல மாட்டுன ஒட்டகச்சிவிங்கியை ஏத்த இரும்புத் தெப்பம் கட்டுனாங்க, உலகமே பாத்துச்சு. வீடு முழுகுன சனத்தை எத்தனை பேர் பாத்தாங்க?

நீர்வளன்:
ஒட்டகச்சிவிங்கி என்ன பாவம் செய்தது? நான் கேட்டது ஆட்டின் வயது.

கரிசக்காட்டான்:
பேச்சை மாத்தாதீங்க. கரிமூட்ட இழையில "கருவேலம் ஏழையின் விறகு"னு உருகுனது நீங்கதானே? இங்க மட்டும் ஆடு குத்தவாளி, மரம் புனிதமா?

மூட்டக்காரன்:
அந்த இழையில என்னைத் 'தரகன்'னு சொன்னதை மறக்கல அண்ணே. 2017-ல சீமைக் கருவேலத்தை அகத்தணும்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுன்னு நீங்க எல்லாம் கைதட்டுனப்ப, கரி போட்டுப் பிழைச்ச ராமநாதபுரத்து வீடுகளை யார் நினைச்சா? பரிங்கோவுலயும் அதை வெட்டிக் கரி சுடத்தான் செய்யுறாங்க.

கரிசக்காட்டான்:
தரகனைத் தரகன்னுதான் சொல்லணும்.

தேன்மொழி:
சதுப்பு மேய்ச்சலுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

நீர்வளன்:
சொல்கிறேன். முதலில் ஆட்டின் வயது.

கரிசக்காட்டான்:
கீழ்ப்பல்லு சார், கீழ்ப்பல்லு! ஏழாவது தடவை எழுதவும் தயார். சாப்பிட்டு வரேன், இழையைப் பூட்டிராதீங்க.