[கலைச்சொல்] லூலேயோ துறைமுகம்: கடல் விலகியதா, நிலம் எழுந்ததா?

அன்புள்ள குழுவினருக்கு,

உலக மரபு இடங்கள் பற்றிய பள்ளி நூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பக்கம் சுவீடனின் வடபகுதியில், போத்னியா வளைகுடாக் கரையிலுள்ள லூலேயோ பற்றியது. 1621இல் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் அதற்கு நகர உரிமை கொடுத்தார். முப்பது ஆண்டுகூட ஆகவில்லை, கப்பல் வர ஆழம் போதாமல் 1649இல் நகரத்தையே கடல்பக்கம் தள்ளி அமைத்தார்கள். விட்டு வந்த இடத்துக்கு காமெல்ஸ்தாத், அதாவது பழைய நகரம் என்று பெயர். அங்கே கல்லால் கட்டிய தேவாலயத்தைச் சுற்றி 424 மரவீடுகள் இருக்கின்றன. தொலைவிலிருந்து வழிபாட்டுக்கு வந்தவர்கள் இரவு தங்கக் கட்டியவை அவை.

வரைவில் "துறைமுகம் தூர்ந்துபோனது" என்று இருக்கிறது. எனக்கு இது ஒப்பவில்லை. தூர்தல் என்றால் வண்டல் வந்து அடைவது. கொற்கைக்கு அது பொருந்தும். லூலேயோவில் நிலமே மேலே வந்தது. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனி அழுத்திக் கிடந்தது. அது உருகியபின், அமுங்கிய தரை இன்றுவரை எழுந்துகொண்டே இருக்கிறது. சுவீடர்கள் இதை லாண்ட்ஹோய்னிங் என்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?

மா.

---

அன்புள்ள மா.,

முதலில் ஊர்ப்பெயரைச் சரிசெய்வோம். அந்த நாட்டு மொழியில் ஆற்றுக்கு 'ஓ' என்ற ஒற்றை உயிரே பெயர். லூலே ஆறு கடலில் சேருமிடம் என்பதால் லூலே + ஓ. ஊமியோ, பீத்தியோ எல்லாம் இதே வகை. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லூலியா' என்று எழுதுவது பிழை. ஏகாரத்தை அடுத்து உயிர் வந்தால், இடையில் யகரம், வகரம் இரண்டும் உடம்படுமெய்யாக வரலாம் என்கிறது நன்னூல். ஆகவே லூலேவோ என்பதும் சரியே. லகரம் மொழிக்கு முதலில் வராது என்பதால் இலூலேயோ என்பதே முறை.

உங்கள் கேள்விக்கு: நிலவேற்றம். நிலம் + ஏற்றம், மகரம் கெட்டு வகரம் தோன்றியது.

செ.

---

ஐயா, வணக்கம்.

நிலவேற்றம் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை நிலா எழுவதாகத்தான் படிக்கும். இலூலேயோ என்று எழுதினால் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: 'நிலம் உயர்தல்' போதும்.

வா.

---

நண்பர்களே,

கடல்கோள் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, கடல் நிலத்தைக் கொள்வது. அதற்கு எதிர்ச்சொல்லாகக் 'கடல்விடை' என்று ஆக்கலாமே. விடு, விடை, விடுகை எல்லாம் ஒரே வேர். கொள்வதும் விடுவதும் இணையாக நிற்கும்.

கு.

---

கு. அண்ணா,

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கடலை எழுவாய் ஆக்குகிறது. சுவீடனில் இதே வழக்கு 18ஆம் நூற்றாண்டில் நடந்தது. வெப்பமானி அளவுக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸ், நிலம் அப்படியே இருக்கிறது, கடல்நீர்தான் குறைகிறது என்று நம்பினார். 1731இல் யேவ்லே நகருக்கு அருகே லோவ்குருந்த் தீவில் ஒரு பாறையில் நீர்மட்டத்தைக் கோடாகச் செதுக்கவும் செய்தார். அவர் பார்த்த சான்றுகள் அருமையானவை. கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் பாறைகள் வேட்டைக்காரர்களுக்குச் சொத்து. பழைய ஆவணங்களில் பதிவானவை. பாறை நீருக்கு மேல் அதிகம் உயர்ந்துவிட்டால் விலங்கு ஏற முடியாது, சொத்துக்கும் மதிப்பில்லை. அந்தப் பதிவுகளை வைத்தே மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிட்டார். அவர்கள் அன்று வைத்த பெயர் 'நீர்க்குறைவு' என்ற பொருளுடையது. பின்னால் காரணம் தெரிந்தபோது பெயரும் மாறியது. அவர்கள் கைவிட்ட கருத்தை நாம் புதுச்சொல்லில் ஏற்றக்கூடாது. செல்சியஸைப் பற்றி எழுதும் பத்தியில் வேண்டுமானால் கடல்விடையை வைக்கலாம்.

வா. அக்கா சொல்லும் 'நிலம் உயர்தல்' புரிகிறது. எரிமலையாலும் நிலம் உயரும், நிலநடுக்கத்தாலும் உயரும். அமுங்கியது மீள்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'நில மீளெழுச்சி' என்று வைக்கலாமா? சுவீடனின் ஹோகா குஸ்தென் கடலோரப் பகுதியில் பழைய கடற்கரை இன்று 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதையும் இதே சொல்லால் விளக்கிவிடலாம்.

மா.

---

மீளெழுச்சிக்குச் சரி. எழுச்சி என்றதும் போராட்டம் நினைவுக்கு வரும், ஆனாலும் முன்னால் 'நில' இருப்பதால் சமாளித்துவிடலாம். முதல் இடத்தில் மட்டும் 'பனி உருகியபின் நிலம் மெல்ல உயர்தல்' என்று விளக்கம் சேருங்கள்.

வா.

---

நில என்று பிரித்து எழுதி மீளெழுச்சியைத் தனியே நிறுத்துவது தொகையா, தொடரா? நிலமீளெழுச்சி எனச் சேர்த்து எழுதினால் உடன்படுகிறேன். லகர முதல் பற்றி என் மறுப்பைப் பதிவு செய்துவிடுங்கள்.

செ.

---

சேர்த்தே எழுதுகிறேன், ஐயா. ஊர்ப்பெயர் லூலேயோ. கு. அண்ணாவும் ஐயாவும் ஒப்பாததைக் குழுவின் சொற்பட்டியலில் குறித்திருக்கிறேன். பக்கம் இன்று மாலை போகிறது.

மா.

---

கடல்விடையை நான் விடுவதாக இல்லை. கடல்மட்டம் உண்மையாகவே தாழும் இடங்களும் உண்டே, அவற்றுக்கு என்ன சொல்? தனி இழையில் தொடங்குகிறேன்.

கு.