வெள்ளம் வந்தால் முதல் ஆறு மணி நேரத்துக்கு ஊரில் யார் பொறுப்பு? கடலூர் மாவட்ட மீட்புக் குழுக்கள் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: பெண்ணைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். அண்ணாகிராமம் ஒன்றியத்தில் தென்பெண்ணையின் தென்கரையை ஒட்டியுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன் நான். 2024 டிசம்பர் 2 அன்று அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், அதன் பிறகு கடலூர் வரையிலான ஆற்றங்கரை ஊர்கள் பட்ட பாட்டையும் இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கீழத்தெருவில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. அரசு அலுவலர்கள் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தார்கள், சோறும் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பு கழிந்த ஐந்தாறு மணி நேரம்தான் என் மனத்தை இன்றளவும் அறுக்கிறது.

ஊராட்சி அலுவலகச் சுவரில் முதல்நிலை மீட்பாளர்கள் என்று நான்கு பேரின் பெயர்களும் அலைபேசி எண்களும் ஒட்டப்பட்டிருந்தன. அவர்களில் ஒருவர் திருப்பூருக்குக் குடிபெயர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னொருவரின் எண் வேறு யாரிடமோ இருந்தது. மூன்றாமவர் எழுபது வயதைக் கடந்தவர், அவரையே நாங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். முகாமாகக் குறிக்கப்பட்டிருந்த பள்ளிக்கூடத்தின் சாவி பக்கத்து ஊரில் இருந்த காவலாளியிடம் இருந்தது. இரு ஊருக்கும் நடுவில் சாலைக்கு மேல் வெள்ளம் ஓடியது. பூட்டை உடைத்துத்தான் குழந்தைகளை உள்ளே உட்கார வைத்தோம்.

இப்போது ஊர் இளைஞர்கள் இருபது பேர் சேர்ந்து முறையான ஒரு குழுவை அமைக்க விரும்புகிறோம். மாவட்டத்தில் இந்த ஏற்பாடு மேலிருந்து கீழ்வரை எப்படி இருக்கிறது, எங்கள் குழு அதில் எந்த இடத்தில் பொருந்தும், யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகுந்த உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், விருத்தாசலம்

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. நான் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து வருவாய்த்துறையிலேயே பணி முடித்தவன். சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம் ஆகிய மூன்றையும் பணியில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். மாவட்டத்துக்கென ஒரு பேரிடர் திட்டம் எழுதப்பட வேண்டும் என்பதோடு, அது ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஊர்ச் சுவரில் இருந்த பழைய பட்டியலைப் பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு அந்த வரியிலிருந்தே வருகிறது. தயங்காமல் கேளுங்கள்.

நடைமுறையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். பாதிப்புக்கு உள்ளாகும் பகுதிகளை மிக அதிகம், அதிகம், மிதமானது, குறைவு என்று நான்கு வகையாகப் பிரித்திருப்பார்கள். அந்தப் பகுதிகளுக்கு மண்டலக் குழுக்கள் அமைக்கப்படும். பெரும்பாலும் துணை ஆட்சியர் நிலையில் உள்ள ஒருவர் தலைமை தாங்க, வருவாய், காவல், தீயணைப்பு, நீர்வளம், மின்வாரியம், நெடுஞ்சாலை, சுகாதாரம், கால்நடை, ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளின் ஆட்கள் அதில் இருப்பார்கள். பெரிய புயலோ வெள்ளமோ வந்தால் ஆட்சிப் பணி மூத்த அதிகாரி ஒருவரைக் கண்காணிப்பு அலுவலராக அரசு அனுப்பும். சுனாமியின்போது இங்கே ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடி 2015 வெள்ளத்தின்போது அப்படித்தான் மீண்டும் கடலூருக்கு வந்தார். ஊர்களின் பெயர்களும் ஓடைகளின் போக்கும் அவருக்கு முன்பே தெரிந்திருந்ததால் எங்கள் வேலை எவ்வளவு எளிதாயிற்று என்பதை அன்று களத்தில் இருந்தவர்கள் அறிவார்கள்.

மண்டலக் குழுவுக்குக் கீழே வட்டாட்சியர், குறுவட்ட வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர் என்று வரிசை இறங்கும். ஊரில் போய் முடியும் இடம் முதல்நிலை மீட்பாளர்கள். நீச்சல் தெரிந்தவர், மரம் அறுப்பவர், பாம்பு பிடிப்பவர், கால்நடைகளைப் பார்த்துக்கொள்பவர் என்று இவர்களில் பல வகை உண்டு. பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் இருபது பேரும் சேர வேண்டிய இடம் இதுதான். தனியாக ஒரு சங்கம் தொடங்கிப் பதாகை வைப்பதைவிட, உங்கள் பெயர்கள் கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் ஏறி, வட்டாட்சியர் வழியாக மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம். 1077 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் அந்த அறையில் இருப்பவர் உங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் யாரை அழைக்க வேண்டும் என்று பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

பட்டியல் ஏன் பழையதாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் என் பங்கும் உண்டு. செப்டம்பரில் மேலிடத்திலிருந்து படிவம் வரும். இரண்டு நாளில் அனுப்ப வேண்டும் என்பார்கள். பட்டா மாறுதல், சான்றிதழ், பயிர் அடங்கல் என்று கையில் நூறு வேலை இருக்கும்போது, சென்ற ஆண்டுத் தாளைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பிய ஆண்டுகள் என் பணிக்காலத்திலும் உண்டு. அதற்காக இன்று வருந்துகிறேன். உங்கள் ஊரில் அது நடக்காமல் இருக்க வேண்டுமானால், அலுவலர் உங்களைத் தேடி வரும்வரை காத்திராமல், ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் பெயர்களைப் படித்து, ஊரில் குடியிருப்பவர்தானா, எண் சரிதானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தீர்மானமாக எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்.

ஆற்றை மட்டும் பார்க்காதீர்கள் என்பதையும் கவனத்தில் வையுங்கள். 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் உயிர்களைக் கொண்டுபோனது பெரிய ஆறு அல்ல, ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கும் ஓடை. உங்கள் ஊரில் எந்த ஓடை எந்தத் தெருவுக்குள் திரும்பும் என்பது மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை உட்கார வைத்து ஒரு வரைபடம் போடுங்கள்.

மறுமொழி 2: தீயணைப்புப் பணியில் இருந்தவர்

ஐயா சொன்ன அமைப்புமுறைக்கு மேல் நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படைப்பிரிவிலிருந்து குழுக்கள் புறப்பட்டு நம் மாவட்டத்துக்கு வந்து சேரவே சில மணி நேரம் ஆகும். புயல் அறிவிப்பு இருந்தால் முன்கூட்டியே வந்து கடலூரிலோ சிதம்பரத்திலோ தங்கியிருப்பார்கள்; அப்போதும்கூட மரம் விழுந்த சாலையைத் தாண்டி அவர்கள் உங்கள் ஊருக்குள் வர வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் சாலைகளின் மேல் சாய்ந்து கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் வண்டி நகர்ந்த தொலைவைவிட நாங்கள் இறங்கி மரம் அறுத்த நேரமே அதிகம்.

ஆகவே உங்கள் குழுவில் குறைந்தது நான்கு பேருக்காவது மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். சாய்ந்த மரத்தில் எந்தப் பக்கம் இழுவிசை இருக்கிறது என்று பார்க்காமல் வாளை வைத்தால், கிளை துள்ளி அறுப்பவரின் முகத்திலேயே அடிக்கும். மின்கம்பி சிக்கிய மரத்தை மின்வாரியத்தின் லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகத் தன் வாயால் சொல்லும்வரை யாரும் தொடவே கூடாது. ஊரே இருண்டு கிடக்கிறது, மின்சாரம் எங்கே வரப்போகிறது என்று எண்ண வேண்டாம். எங்கோ ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேட்டர் தவறான இணைப்பால் அதே கம்பியில் மின்சாரத்தை ஏற்றிவிடும்.

பயிற்சிக்கு ஆப்த மித்ரா என்ற திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சியும் மீட்புக் கருவிப் பையும் அதன் வழியே கிடைக்கும். அடுத்த பயிற்சி எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் விசாரியுங்கள். அது அமையும்வரை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் உங்கள் ஊர்க் குளத்திலேயே ஒத்திகை நடத்திக் காட்டுவார்கள். காலிக் குடங்களையும் மூங்கிலையும் கட்டி மிதவை செய்வதும், முழுகுபவரிடம் நேரே நீந்திப் போகாமல் கயிற்றை வீசி இழுப்பதும் அந்த ஒரு நாளிலேயே கைவந்துவிடும். நீச்சல் தெரியும் என்ற ஒரே துணிச்சலில் ஓடும் வெள்ளத்தில் குதித்துத் திரும்பாமற்போன இளைஞர்களை நான் கரையேற்றியிருக்கிறேன். உங்கள் இருபது பேரில் ஒருவருக்கும் அது நேரக் கூடாது.

மறுமொழி 3: கடலோரத்தாள், பரங்கிப்பேட்டை

மேலே எழுதியவர்கள் ஆண்கள் என்பதால் விட்டுப்போன ஒன்றை எழுத வந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் கரையில் இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். சாமியார்பேட்டையில் அதற்கு முன்பே ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஊர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்; யார் எச்சரிப்பது, யார் தூக்குவது, யார் முதலுதவி செய்வது என்று முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பயிற்சி பல உயிர்களைக் காத்தது என்று அவ்வூரார் இன்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

தம்பி, உங்கள் குழுவில் பெண்களின் பெயரைக் காட்சிக்குச் சேர்க்காதீர்கள், வேலையைக் கொடுங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த மருமகளுக்கு இது ஒன்பதாவது மாதம், யாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் என்பது மகளிர் சுய உதவிக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தெரியும். பேறுகாலத் தேதிப் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் எப்போதும் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாரத்தில் தேதி உள்ளவர்களை மழை தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். தண்ணீர் சூழ்ந்த பிறகு 108 வண்டி ஊர் எல்லை வரைதான் வரும்; அதற்கு மேல் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். எங்கள் உறவுக்காரப் பெண்ணை அப்படித் தூக்கிப் போனபோது குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவள் நான். கட்டிலின் கால்கள் சேற்றில் புதைந்து புதைந்து எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

படகைப் பற்றியும் ஒரு சொல். 2015 இல் சென்னைக்குக்கூட மீனவர்கள் படகோடு போனார்கள். உங்கள் ஊருக்கும் ஃபைபர் படகை லாரியில் ஏற்றி அனுப்ப எங்கள் பக்கத்தில் ஆட்கள் உண்டு. ஆனால் தெருவுக்குள் நிற்கும் தண்ணீரில் வேலிக் கம்பியும் துணியும் இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அங்கே கழி ஊன்றித்தான் தள்ள வேண்டும். நீளமான சவுக்குக் கழிகள் நான்கை ஊர்ப் பொது இடத்தில் இப்போதே வாங்கிப் போட்டு வையுங்கள்.

மறுமொழி 4: பாகூர்வாசி

எல்லை ஊர்க்காரன் என்பதால் ஒரே ஒரு குறிப்பு. பெண்ணையின் வடபுறம் எங்கள் பாகூர் கொம்யூன், புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. எங்களுக்கென்று தனி ஆட்சியர், தனிக் கட்டுப்பாட்டு அறை. வெள்ளத்துக்கு மட்டும் எல்லை கிடையாது. 1077 மாவட்டந்தோறும் வேறு வேறு அறைக்குப் போகும் எண் என்பதால், எல்லையோரத்திலிருந்து அலைபேசியில் அழைப்பவர்கள் கடலூருக்கு 04142, புதுச்சேரிக்கு 0413 என்ற குறியீட்டை முன்னால் சேர்த்து அழைப்பது நல்லது. எதிர்க்கரை ஊர்களில் இருவரின் எண்களையாவது உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நீர் ஏறுவதை நாங்கள் சொல்கிறோம், உங்கள் பக்கத்து நிலவரத்தை நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பெண்ணைக்கரையான்

ஐயா, அண்ணா, அம்மா, பாகூர் நண்பர் அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பிள்ளையார் கோயில் திண்ணையில் கூடி இந்த மறுமொழிகளை உரக்கப் படித்தோம். கிராம நிர்வாக அலுவலரைத் திங்கட்கிழமை பார்க்க முடிவு செய்திருக்கிறோம். இருபது பேரில் ஐந்து பேர் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் என்பதால் அவர்களாகவே பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள்; அந்த இடத்துக்குச் சுய உதவிக் குழுவிலிருந்து ஆறு பெண்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையோடு ஒரு பள்ளி நோட்டில் தெருவாரியாக எழுதத் தொடங்கிவிட்டார். முதல் பக்கத்திலேயே, எங்களுக்கு நினைவுக்கு வராத, கண் தெரியாத ஒரு பெரியவரின் பெயர் இருந்தது.

பள்ளிக்கூடத்துச் சாவிக்கு மாற்றுச் சாவி ஒன்று வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டோம். அக்டோபர் முதல் ஜனவரி வரை பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கும் அம்மாவிடம் அதைக் கொடுத்து வைக்க ஒப்புக்கொண்டார். பாகூர் நண்பர் தம் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பினால் இன்றே எழுதிக்கொள்கிறேன்.