டோன்ஸ் ஆற்றில் ஏப்ரல்: காலையிலேயே இறங்கிவிடுங்கள்

பனி உருகி ஓடும் ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகைச் செலுத்தப் போகிறவர்கள் மழை வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு இறங்குவது என்பதே என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி. உத்தராகண்டின் டோன்ஸ் ஆற்றில் அதை நேரில் பார்த்தேன்.

ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் நைட்வாரில் கலந்து டோன்ஸ் ஆகின்றன. கீழே யமுனையோடு சேரும் இடத்தில் யமுனையைவிட இதில்தான் தண்ணீர் அதிகம். ஆனால் மோரி என்ற ஊர்ப் பக்கம் இது பைன் காடுகளுக்கு நடுவே பாறைகளில் மோதி இறங்கும் ஒடுங்கிய மலையாறுதான். நாங்கள் போனது ஏப்ரல் கடைசியில்.

எங்கள் வழிகாட்டி மோரிக்காரர். பாயி சாப் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். கரைக்கு வந்ததும் நீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் அவர் தேநீர் குடிக்கப் போனார். பிற்பகலில் பார்த்தபோது அந்தக் கல் தண்ணீருக்கு அடியில் இருந்தது. உச்சிமலையில் நண்பகல் வெயிலுக்கு உருகும் பனி இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. அதனால் காலையில் ஆறு இறங்கியிருக்கும், மாலையில் ஏறியிருக்கும். காலையில் பாறைக்குப் பின்னால் நிதானமாக ஒதுங்கி நின்ற எடி, அதாவது நீர் பின்திரும்பி அமைதியாகச் சுழலும் இடம், மாலையில் நுரைக்குள் மறைந்தே போயிருந்தது.

முன்னால் போன நண்பர் ஒரு திருப்பத்தில் பாறையில் உரசிக் கவிழ்ந்தார். கயாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். அங்கே இடுப்பளவுதான் ஆழம். எழுந்து நிற்கத்தான் யாருக்கும் தோன்றும். அவர் நிற்கவில்லை. மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தார். அவர் உயிரோடு கரையேறியது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நின்றால் பாதம் கற்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளும் நீர் உடம்பைக் குப்புறச் சாய்த்து அழுத்திவிடும். முட்டியளவு நீரிலும் ஆட்கள் இறப்பது இப்படித்தான். பாயி சாப் கரையிலிருந்து எறிகயிற்றை வீசினார். நண்பர் அதைத் தோள்மேல் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொள்ள, ஆறே அவரைக் கரைப்பக்கம் ஒதுக்கியது.

தண்ணீருக்குள் இருந்தது சிறிது நேரம்தான். வெட்சூட் என்ற குளிர் தாங்கும் உடை போட்டிருந்தும், ஹெல்மெட்டின் கொக்கியைத் தானே கழற்ற அவர் விரல்கள் மடங்கவில்லை. நாங்கள்தான் கழற்றினோம். அலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தக் குளிரைப் பார்த்துப் பயப்படுவதில்லை. விழுந்த நொடியில் மூச்சு தானாக உள்ளே இழுபடும். வாய் அப்போது தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கமாகக் கட்டச் சொல்வது இதற்காகவும்தான்.

அவர் உடம்பு சூடேறக் காத்திருந்தபோது, மைனாவைவிடச் சற்றுச் சிறிய பழுப்புப் பறவை ஒன்று அதே நுரைக்குள் பாய்ந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு பாறையில் ஏறி உட்கார்ந்தது. பிரவுன் டிப்பர். மலையோடைகளின் அடியில் நடந்தே இரை தேடும் பறவை. நான் அத்தனை பக்கத்தில் பார்த்தது அன்றுதான். இரண்டாம் முறை இறங்கும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நைட்வார் மோரி நீர்மின் நிலையம், 60 மெகாவாட், 2023இல் இயங்கத் தொடங்கியது. நைட்வாரில் ஆற்று நீரைச் சுரங்கத்தில் திருப்பிக் கீழே விடுகிறார்கள். ஆகவே வெயிலின் கணக்கு மட்டும் போதாது. நீர் திறக்கும் நேரத்தை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். ரிஷிகேஷ் போல இங்கே பின்னாலேயே அடுத்த படகு வராது. மோரிக்குக் கீழே சாலை ஆற்றையொட்டியே போவதால், எறிகயிறு தெரிந்த ஒருவரை வண்டியோடு கரையில் வரச் சொல்லுங்கள்.